ஆண் செடி, பெண் செடி, புதுச் செடி

பனையில் ஆண் உண்டு, பெண் உண்டு என்பது நம் ஊர்ச் சிறுவர்களுக்கும் தெரிந்த செய்தி. நுங்கு வேண்டுமென்று ஆண் பனையில் ஏறுவார் எவருமில்லை. ஆனால் இடுப்பளவு நிற்கும் ஒரு வடலியைக் காட்டி, "இது ஆணா, பெண்ணா?" என்று கேட்டுப் பாருங்கள். பனையேறிப் பழகிய முதியவரும் "பாளை விடட்டும், சொல்கிறேன்" என்றுதான் விடை கூறுவார். பாளை விடுவதற்கோ பத்துப் பதினைந்து ஆண்டுகள், சில சமயம் அதற்கு மேலும், காத்திருக்க வேண்டும்.

தென்காசி மாவட்டத்தில் சங்கரன்கோவிலை அடுத்துள்ள மேலநீலிதநல்லூர் போன்ற ஊர்கள் வானத்தைப் பார்த்து வாழ்பவை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில் இருப்பதால் தென்மேற்குப் பருவமழை இங்கு அதிகம் எட்டுவதில்லை. இத்தகைய ஊரில் வீட்டுக் கொல்லையில் நிற்கும் ஒரு பப்பாளிக்கோ, பந்தலில் ஏறும் ஒரு கோவைக் கொடிக்கோ தண்ணீரைக் குடத்தால் அளந்துதான் ஊற்றுகிறார்கள். ஐந்து மாதம் தண்ணீர் சுமந்து வளர்த்த செடி பூத்தபின் "ஆண்" என்று தெரிந்தால் உழைப்பு வீண். பக்கத்து ஊரிலிருந்து ஆசையாக வாங்கி வந்த கன்று நோயையும் உடன் கொண்டு வந்தால், அந்தக் கன்று மட்டுமல்ல, கொல்லையில் முன்பே இருந்தவையும் பாழ்.

இளஞ்செடி இவ்வாறு இரண்டு செய்திகளை நம்மிடமிருந்து மறைக்கிறது. ஒன்று அதன் பால். மற்றொன்று அதன் நோய். இவ்விரண்டையும் எப்படி அறிவது, அறியும் வரையில் என்ன செய்வது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பூவும் பாலும்

செம்பருத்திப் பூவொன்றைப் பிரித்துப் பாருங்கள். நடுவே நீண்ட குழலைச் சுற்றி மஞ்சள் பொடி தூவும் மகரந்தப் பைகள், குழலின் நுனியில் ஐந்து சூல்முடிகள், அடியில் சூற்பை. ஆணும் பெண்ணும் ஒரே பூவில் அமைந்திருக்கின்றன. இது இருபாற்பூ. கத்தரி, வெண்டை, பூவரசு எல்லாம் இவ்வகையே.

பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. ஆனால் இரண்டும் ஒரே கொடியில் பூக்கின்றன. தென்னையும் மக்காச்சோளமும் அப்படியே. ஒரே வீட்டில் கணவனும் மனைவியும் வாழ்வதுபோல் இருப்பதால் இவற்றை ஓரில்லத் தாவரங்கள் என்கிறோம்.

மூன்றாவது வகையில் ஆண் பூ ஒரு செடியிலும் பெண் பூ வேறொரு செடியிலும் பூக்கும். இவை ஈரில்லத் தாவரங்கள். பூக்கும் தாவர இனங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு இவ்வகையைச் சேர்ந்தவை. பனை, ஈச்சை, கோவை, வெற்றிலை, சாதிக்காய் ஆகியன நமக்குப் பழக்கமானவை. பப்பாளியின் பல இரகங்களும் இவ்வகையே. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உரிமமின்றி வளர்ப்பது குற்றமான கஞ்சாவும் ஈரில்லத் தாவரந்தான்.

செடிக்கும் பால் உண்டு என்பதை ஐரோப்பாவில் சோதனை செய்து காட்டியவர் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் வாழ்ந்த ருடால்ப் காமெராரியுஸ். அருகில் ஆண் மரம் இல்லாத ஒரு பெண் முசுக்கட்டை மரம் காய்த்ததையும், ஆனால் அதன் விதைகள் உள்ளீடற்றுப் பொக்காக இருந்ததையும் அவர் கவனித்தார். பிறகு பல செடிகளில் ஆண் பூக்களை நீக்கிப் பார்த்தார். விதை பிடிக்கவில்லை. 1694இல் இம்முடிவுகளை வெளியிட்டார். அவர் செய்த சோதனைகளில் ஒன்று மட்டும் முரண்டு பிடித்தது. தனியே பிரித்து நட்ட பெண் கஞ்சாச் செடிகளில் சில, ஆண் துணையின்றியும் நல்ல விதை தந்தன. அதையும் மறைக்காமல் எழுதி வைத்தார் அவர். காரணம் பிற்காலத்தில் விளங்கிற்று. ஈரில்லத் தாவரங்கள் சிலவற்றில், பெண் செடியிலேயே ஓரிரு ஆண் பூக்கள் எப்போதாவது தோன்றுவதுண்டு. இயற்கை போட்ட வேலியில் சிறு இடைவெளிகளும் உண்டு என்பதை நினைவில் கொள்ளுங்கள். பப்பாளியிடம் வரும்போது இது உதவும்.

பனை: காத்திருப்பதே வழி

பனையில் ஆண் பாளை, விரல்கள்போல் நீண்ட கதிர்களாகப் பிரிந்து, அவற்றில் மிகச் சிறிய பூக்கள் செறிந்து நிற்கும். பெண் பாளையில் உருண்டைப் பூக்கள் காம்பை ஒட்டி அமைந்திருக்கும். அவையே நுங்காகத் திரளும். பதநீர் இரு மரங்களிலும் இறக்கலாம். நுங்கும் பழமும் பனங்கொட்டையும் பெண் பனையின் கொடை.

நல்ல பெண் பனை ஒன்றைக் கண்டு, அதே போன்று இன்னொன்றை உண்டாக்க முடியுமா? முடியாது. பனைக்கு உச்சியில் ஒரே ஒரு குருத்து. பக்கக் கன்று விடாது, கிளைக்காது. கொட்டையை ஊன்றித்தான் வளர்க்க வேண்டும். ஊன்றிய கொட்டைகளில் ஏறத்தாழப் பாதி ஆணாகவும் பாதி பெண்ணாகவும் முளைக்கும். எனவே பனை நடுகிறவர் பாலைத் தேர்ந்தெடுக்க முடியாது. நூறு கொட்டை முளைத்தால் ஏறத்தாழ ஐம்பது பெண்ணாகத் தேறும் என்ற எண்ணிக்கையை நம்பியே நட வேண்டும்.

பப்பாளி: எண்ணிக்கையால் வெல்லலாம்

பப்பாளி பனையைப்போல் நம்மைச் சோதிப்பதில்லை. நாற்றை நட்ட நான்கைந்து மாதங்களில் பூத்துவிடும். ஆண் மரம் பெரும்பாலும் சற்று முந்திக்கொள்ளும். அடையாளம் எளிது. ஆண் மரத்தில் நீண்டு தொங்கும் காம்பு, அதில் கிளைகள், அவற்றில் கொத்துக் கொத்தாக மெல்லிய குழல்போன்ற சிறு பூக்கள். பெண் மரத்தில் இலைக்காம்பின் கக்கத்தில் குட்டைக் காம்புடன் ஒன்றோ இரண்டோ பெரிய பூக்கள். மொட்டின் அடி பருத்திருக்கும். இதழை விரித்தால் உள்ளே உருண்ட சூற்பையும், மேலே விசிறிபோல் பிரிந்த ஐந்து சூல்முடிகளும் தெரியும். மகரந்தப் பை இராது. இருபாற்பூ பூக்கும் மரத்தில் சூற்பை நீண்டிருக்கும். அதைச் சுற்றி மகரந்தப் பைகளும் இருக்கும். அதன் காயும் நீளவாட்டில் வளரும்.

பூக்கும் முன்னர் பாலை அறிய மக்கள் பல குறிகள் சொல்வதுண்டு. விதையின் நிறம், வேர் நேராக இறங்குவது, தண்டின் பருமன் என்று அவை பலவாகும். இவை எவற்றையும் நம்பி நாற்றைப் பிடுங்கி எறிய வேண்டாம். பால், விதைக்குள்ளே குரோமோசோம்களால் தீர்மானிக்கப்படுகிறது. வெளியே அதற்கு அடையாளம் இல்லை. மனிதரைப் போலவே பப்பாளியிலும் எக்ஸ், ஒய் என்ற பால் குரோமோசோம்கள் உள்ளன. இரு எக்ஸ் இருந்தால் பெண். ஒரு எக்ஸும் ஒரு ஒய்யும் இருந்தால் ஆண். ஒய் குரோமோசோமிலேயே சற்று மாறுபட்ட இன்னொரு வகை உண்டு. அது வந்தால் மரம் இருபாலாகும். பப்பாளியின் ஒய், பரிணாமத்தில் அண்மையில் தோன்றியது என்பதை 2004இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. இன்று ஆய்வுக்கூடத்தில் நாற்றின் இலைத்துணுக்கிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்துப் பாலைக் கண்டறிந்துவிடலாம். ஆனால் கொல்லையில் இரண்டு பப்பாளி வைப்பவருக்கு அது எட்டாத வசதி.

அவருக்கு ஓர் எளிய கணக்கு உதவும். ஈரில்ல இரகத்தின் விதை ஆணாவதற்கும் பெண்ணாவதற்கும் சரிபாதி வாய்ப்பு. நாணயத்தைச் சுண்டுவது போன்றது. ஒரு குழியில் ஒரே நாற்றை நட்டால் ஏமாறும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. இரண்டு நாற்று நட்டால் இரண்டும் ஆணாகும் வாய்ப்பு நான்கில் ஒன்று. மூன்று நட்டால் எட்டில் ஒன்று. நான்கு நட்டால் பதினாறில் ஒன்று. ஆகவே குழிக்கு மூன்று நாற்றாக நட்டு, பூத்தபின் ஒரு பெண்ணை நிறுத்தி மற்றவற்றை வெட்டிவிடுவது அறிவுடைமை. எல்லா ஆண்களையும் வெட்டிவிட வேண்டாம். பதினைந்து இருபது பெண் மரங்களுக்கு ஓர் ஆண் மரம் மகரந்தம் தருவதற்கு நிற்க வேண்டும். தெருவில் பக்கத்து வீட்டில் ஓர் ஆண் மரம் நின்றால் அதுவே உங்களுக்கும் போதும்.

கோயம்புத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட இரகங்களில் கோ 2, கோ 5, கோ 6 ஆகியவை ஈரில்லத்தன. கோ 3, கோ 7 ஆகியவற்றில் பெண் மரங்களும் இருபால் மரங்களும் மட்டுமே வரும். ஆண் மரம் வராது. இருபால் மரத்தில் தன் மகரந்தத்தாலேயே உண்டான விதையை விதைத்தால், மூன்றில் இரண்டு இருபாலாகவும் ஒன்று பெண்ணாகவும் முளைக்கும். இரண்டும் காய்க்கும். குழிக்கு ஒரு நாற்றே வைக்க இடமும் தண்ணீரும் உள்ளவர் இத்தகைய இரகத்தை நாடுவது நல்லது.

"எங்கள் வீட்டு ஆண் பப்பாளி காய்த்தது" என்று சிலர் வியந்து சொல்வதுண்டு. அது பொய்யன்று. ஆண் மரத்தின் நீண்ட காம்பின் நுனியில் சில வேளை இருபாற்பூக்கள் தோன்றி, மெலிந்த காய்கள் தொங்கும். காமெராரியுஸ் கண்ட இடைவெளியைப் போன்றதே இது. நுனியை வெட்டினால் ஆண் பெண்ணாகிவிடும் என்பது மட்டும் நம்பத்தக்க வழியன்று.

கோவை: கிளையே தாய்

வேலியில் தானே படர்ந்திருக்கும் கோவையைப் பாருங்கள். வெண்ணிறப் பூவின் பின்புறத்தை நோக்குங்கள். பூவுக்கும் காம்புக்கும் இடையில் சிறு வெள்ளரிப் பிஞ்சுபோல் ஒன்று இருந்தால் அது பெண் கொடி. வெறும் மெல்லிய காம்பு மட்டும் இருந்தால் ஆண். ஆண் பூவின் நடுவே மகரந்தப் பைகள் ஒன்றாகத் திரண்டு நிற்கும்.

கோவையின் செல்லில் 24 குரோமோசோம்கள் உள்ளன. பெண் கொடியில் அவற்றுள் இரண்டு எக்ஸ். ஆண் கொடியில் ஒரு எக்ஸ், ஒரு ஒய். இந்த ஒய், மற்றெல்லாக் குரோமோசோம்களையும் விடப் பெரியது. நுண்ணோக்கியில் பளிச்சென்று தெரியும். அதனால் தாவரப் பால் ஆய்வில் இந்திய விஞ்ஞானிகள் நெடுங்காலமாகக் கோவையை ஆராய்ந்து வருகிறார்கள்.

விதையிட்டால் கோவையும் சூதாட்டமே. ஆனால் பனைக்கில்லாத ஒரு வசதி கோவைக்கு உண்டு. நன்றாகக் காய்க்கும் பெண் கொடியிலிருந்து நான்கைந்து கணுவுள்ள ஒரு துண்டை நறுக்கி ஊன்றினால் வேர் பிடித்துவிடும். அதுவும் பெண் கொடியே. தாயின் சுவையும் காய்ப்பும் அப்படியே வரும். இங்கு விதை இல்லை, மகரந்தச் சேர்க்கை இல்லை, பால் மாறுவதற்கு வழியும் இல்லை. பூக்கும் வரை காத்திருந்த கவலை ஒரு கத்திவெட்டில் தீர்ந்தது.

இவ்வாறு ஒரே செடியிலிருந்து கிளையாகவோ கிழங்காகவோ பிரித்து வளர்த்த செடிகளின் கூட்டத்துக்கு 1903இல் ஹெர்பர்ட் வெப்பர் என்ற அமெரிக்க அறிஞர் ஒரு பெயர் சூட்டினார்: குளோன். சிறு கிளை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதனை எடுத்தார். ஆடுகளையும் ஆய்வுக்கூடங்களையும் நினைவூட்டும் சொல்லாக அது பிற்காலத்தில் மாறிவிட்டது. ஆனால் முருங்கைப் போத்து, வாழைப் பக்கக் கன்று, கரும்புக் கரணை, மரவள்ளிக் குச்சி, வெற்றிலை விதைக்கொடி எல்லாம் குளோன்களே. நம் முன்னோர் பெயர் வைக்காமலேயே செய்து வந்த வேலை இது.

தாய் தரும் மற்றொரு சீதனம்

தாயின் எல்லாப் பண்பும் மாறாமல் வருகிறது என்றோம் அல்லவா? அதிலேதான் ஆபத்தும் இருக்கிறது. தாயின் நோயும் அப்படியே வருகிறது.

விதை ஒரு வடிகட்டி. தாய்ச் செடியில் உள்ள வைரஸ்களில் பல, விதைக்குள் இருக்கும் கருவை எட்டுவதில்லை. ஆனால் வெட்டிய கிளையில் வடிகட்டி ஏதுமில்லை. தாயின் சாற்றில் வைரஸ் இருந்தால் கிளையின் சாற்றிலும் இருக்கும். கணுவின் இடுக்கில் மாவுப்பூச்சியின் முட்டை, வேரில் நூற்புழு, மண்ணில் பூசணம் என்று பலவும் கூடவே பயணம் செய்கின்றன.

வெற்றிலைக் கொடிக்காலைப் பாருங்கள். வெற்றிலை ஈரில்லத் தாவரமானாலும் நாம் இலையை மட்டுமே பறிப்பதால் ஆணா பெண்ணா என்று எவரும் கேட்பதில்லை. ஆனால் விதைக்கொடி எந்தக் கொடிக்காலிலிருந்து வந்தது என்று கேட்டே தீர வேண்டும். வாடல் நோய் கண்ட கொடிக்காலின் விதைக்கொடி புதுக் கொடிக்காலையும் கெடுத்துவிடும்.

வாழையில் இது இன்னும் கொடிய பாடமாயிற்று. முடிக்கொத்து நோய் கண்ட வாழையில் இலைகள் குறுகி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக நெருங்கி நிற்கும், குலை தள்ளாது. வாழை அசுவினி இந்த வைரஸை அருகிலுள்ள மரங்களுக்குப் பரப்பும். தொலைதூரத்துக்கு அதைக் கொண்டு செல்பவர்கள் பக்கக் கன்றைப் பெயர்த்துச் சுமக்கும் நாமே. கீழ்ப் பழனி மலையில் புகழ்பெற்ற விருப்பாச்சி வாழைத் தோட்டங்கள் இந்நோயால் பெருமளவு அழிந்தன. பிறகு நோயற்ற கன்றுகளைத் திசு வளர்ப்பு முறையில் உண்டாக்கித்தான் அவற்றை மீட்க முயற்சி நடந்தது. வளரும் குருத்தின் உச்சி நுனியில் வைரஸ் பெரும்பாலும் எட்டியிராது என்பதே அம்முறையின் அடிப்படை. 1952இல் பிரெஞ்சு அறிஞர்களான மோரலும் மார்ட்டினும் டேலியாச் செடியில் இதை முதலில் செய்து காட்டினர்.

2008: ஒரு வெண்பூச்சியின் வருகை

2008ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் பப்பாளி மரங்களில் ஒரு புதிய மாவுப்பூச்சி காணப்பட்டது. மெக்சிகோவும் நடு அமெரிக்காவும் அதன் தாயகம். இந்தியாவில் அதற்கு முன் பதிவாகாத பூச்சி. பஞ்சுபோன்ற வெண்படலமாக இலையையும் காயையும் மூடிச் சாற்றை உறிஞ்சியது. பப்பாளியோடு நிற்கவில்லை, முசுக்கட்டை, மரவள்ளி, பருத்தி, தேக்கு என்று பரவிற்று. முசுக்கட்டை போனால் பட்டுப்புழுவுக்குத் தீனி இல்லை. மரவள்ளி போனால் சவ்வரிசி ஆலைக்குக் கிழங்கு இல்லை. பூச்சியின் மேல் மெழுகுப் போர்வை இருந்ததால் மருந்து தெளித்தும் பயன் குறைவாகவே இருந்தது.

புதிய நாட்டில் அதைத் தின்னும் எதிரி இல்லை என்பதே அதன் வலிமை. எனவே எதிரியைத் தேடினார்கள் விஞ்ஞானிகள். மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் மிகச் சிறிய குளவியினங்கள் மூன்று, 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து பெங்களூருவில் உள்ள வேளாண் பூச்சிகளுக்கான தேசிய நிறுவனத்துக்குக் கொண்டுவரப்பட்டன. வந்தவுடன் அவற்றைத் தோட்டங்களில் விட்டுவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். முதலில் அவை மூடிய ஆய்வுக்கூடத்தில் தனித்து வைக்கப்பட்டன. பட்டுப்புழு போன்ற நமக்கு வேண்டிய உயிர்களுக்குத் தீங்கு செய்யுமா என்று சோதிக்கப்பட்டன. நம்மைக் காக்க வந்த விருந்தாளிக்கும் தனியிடமே தரப்பட்டது! பின்னர் 2010 அக்டோபரில் தமிழ்நாட்டில் வெளியே விடப்பட்டன. சில மாதங்களிலேயே மாவுப்பூச்சியின் கொட்டம் அடங்கத் தொடங்கியது.

நாட்டின் வேலி

அயல்நாட்டு நோய்களைத் தடுக்க 1914இலேயே இந்தியாவில் அழிவுப் பூச்சிகள் சட்டம் இயற்றப்பட்டது. சென்னை மாகாணம் 1919இல் தனக்கென ஒரு பயிர்ப் பூச்சி, நோய்ச் சட்டத்தைக் கொண்டுவந்தது. துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் வெளிநாட்டிலிருந்து வரும் விதைகளையும் கன்றுகளையும் அதிகாரிகள் சோதிப்பது இத்தகைய சட்டங்களின் தொடர்ச்சியே.

நாட்டுக்குள்ளேயும் வேலி உண்டு. 1961இல் உதகமண்டலத்தில் உருளைக்கிழங்கின் வேரில் ஒருவகை நூற்புழுவை எப். ஜி. டபிள்யூ. ஜோன்ஸ் என்ற அறிஞர் கண்டறிந்தார். கடுகினும் சிறிய அதன் கூடுகளுக்குள் முட்டைகள் மண்ணில் பல்லாண்டு உயிரோடு கிடக்கும். விதைக்கிழங்கில் ஒட்டிய மண்ணே அதற்கு வாகனம். எனவே 1971இல் நீலகிரியிலிருந்து விதைக்கிழங்கு வெளியே செல்வதைத் தமிழ்நாடு அரசு தடை செய்தது. 2018இல் இப்புழு இமயமலைப் பகுதிகளிலும் கண்டறியப்பட்டபோது அங்கும் இதுபோன்ற தடை விதிக்கப்பட்டது.

ஆனால் மேலநீலிதநல்லூரில் உங்கள் கொல்லை வாசலில் எந்த அதிகாரி வந்து நிற்பார்? திருமண வீட்டில் தாம்பூலத்தோடு தரும் கன்று, சந்தையில் வாங்கும் பூச்செடி, உறவினர் ஆசையோடு நறுக்கித் தந்த கோவைத் துண்டு ஆகியவற்றைச் சோதிக்க வேண்டியவர் நீங்களே.

ஒரு மண்டலக் காவல்

1377இல் ஏட்ரியாட்டிக் கடற்கரையில் இருந்த ரகூசா நகரம், கொள்ளைநோய் பரவிய ஊர்களிலிருந்து வருவோர் நகருக்குள் நுழையுமுன் முப்பது நாள் வெளியே தங்க வேண்டுமென்று விதித்தது. பின்னர் அது நாற்பது நாளாயிற்று. நம் வைத்தியர் ஒரு மண்டலம் பத்தியம் இருக்கச் சொல்வது நமக்குத் தெரியும். புதுக் கன்றுக்கும் அப்படி ஒரு மண்டலக் காவல் போதுமானது. ஏன் இத்தனை நாள்? மாவுப்பூச்சி முட்டையிலிருந்து முட்டையிடும் பருவத்துக்கு வர ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். இன்று கண்ணுக்குத் தெரியாத முட்டை அதற்குள் கண்ணுக்குத் தெரியும் பூச்சியாகிவிடும். வைரஸ் நோயும் பெரும்பாலும் புதிதாக விரியும் இலையிலேயே தன்னைக் காட்டும்; கன்று வேர்பிடித்து நான்கைந்து புதிய இலை விடும்வரை பொறுக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை இவை:

1. தாய்க் கொடியைக் காய்க்கும் காலத்திலேயே தேர்ந்தெடுத்து, ஒரு துணிக் கிழிசலைக் கட்டி அடையாளம் வையுங்கள். பூவும் காயும் இல்லாத காலத்தில் ஆணையும் பெண்ணையும் பிரித்தறிய முடியாது. தேமல், சுருள், முடிச்சு உள்ள கொடி எவ்வளவு காய்த்தாலும் வேண்டாம். கோவையிலும் தேமல் வைரஸ் நோய் தமிழ்நாட்டில் பதிவாகியுள்ளது.

2. கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்து அல்லது தீயில் காட்டி ஆறவைத்து வெட்டுங்கள். அடுத்த கொடிக்குப் போகுமுன் மீண்டும் துடையுங்கள். ஒரு கொடியின் சாறு அடுத்த கொடியின் காயத்தில் படக்கூடாது.

3. துண்டிலுள்ள பெரிய இலைகளைக் களைந்து, தண்ணீரில் கழுவி, கணு இடுக்குகளை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். வெண்பஞ்சு தெரிந்தால் அத்துண்டை விலக்குங்கள். வேருடன் வந்த கன்றானால் பழைய மண்ணை உதறி வேரையும் பாருங்கள். மணிமணியாக முடிச்சு இருந்தால் நூற்புழு.

4. தொட்டியை மற்றச் செடிகளிடமிருந்து தள்ளி, வீட்டின் மறுபக்கத்தில் வையுங்கள். சர்க்கரை டப்பாவை நீர்த்தட்டில் வைப்பதுபோல, தொட்டியை ஒரு செங்கல்மேல் ஏற்றித் தண்ணீர்த் தட்டில் வைத்தால் எறும்பு ஏறாது. தட்டுத் தண்ணீரை மட்டும் அடிக்கடி மாற்றுங்கள். இல்லாவிடில் கொசு பெருகும். மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதைப் பாதுகாப்பதும் சுமந்து செல்வதும் உண்டு. வெள்ளை ஈயும் அசுவினியும் நுழையாதபடி, கொசுவலையைவிட மிக நெருக்கமான கண்களுடைய மெல்லிய வலைத் துணியால் மூடலாம்.

5. முதலில் பழைய செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கடைசியாகப் புதுச் செடியிடம் செல்லுங்கள். பிறகு கையைக் கழுவுங்கள்.

6. வாரம் இருமுறை இலையின் அடிப்புறத்தையும் கணுவையும் பாருங்கள். கண்டதைத் தேதியுடன் ஒரு நோட்டில் எழுதுங்கள்.

7. ஒன்றிரண்டு பூச்சி தெரிந்தால் துடைத்து, சோப்புக் கரைசல் தெளித்து, நாளை மீண்டும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குங்கள். புதிய இலையில் தேமலோ சுருளோ தெரிந்தால் தயங்க வேண்டாம். வைரஸுக்கு மருந்து இல்லை. பிடுங்கி எரித்துவிடுங்கள், எருக்குழியில் போட வேண்டாம்.

இந்தக் காவலுக்கும் எல்லை உண்டு. சில வைரஸ்கள் அறிகுறி காட்டாமலே மாதக்கணக்கில் உறங்கும். வாழை போன்ற பயிரை ஏக்கர் கணக்கில் வைப்பவர் கண்ணை மட்டும் நம்பக்கூடாது. திசு வளர்ப்புக் கன்றுகளைச் சோதித்துச் சான்றளிக்கும் தேசிய ஏற்பாடு 2006 முதல் உள்ளது. அச்சான்று பெற்ற கன்றைக் கேட்டு வாங்குங்கள்.

பள்ளித் தோட்டத்தில் ஒரு சோதனை

மாணவர்கள் தங்கள் பள்ளியிலேயே இதைச் செய்து பார்க்கலாம். ஊர் வேலிகளில் தானே முளைத்த கோவைக் கொடிகளில் பூத்திருப்பவற்றைக் கணக்கெடுங்கள். எத்தனை ஆண், எத்தனை பெண்? ஒரே வேலியில் அடுத்தடுத்துள்ள கொடிகள் ஒரே வேரிலிருந்து கிளைத்தவையா என்றும் பாருங்கள். அப்படியானால் அவை ஒரு செடியே. பிறகு அடையாளமிட்ட ஒரு பெண் கொடியின் பத்துத் துண்டுகளை ஊன்றி, ஒரு மண்டலம் தனித்து வைத்துப் பூக்கும்வரை வளருங்கள். வேலியில் இரு பாலும் கலந்திருக்க, உங்கள் தொட்டிகளில் மட்டும் பெண் பூக்களே பூத்திருப்பதைக் காண்பீர்கள்.

பனங்கொட்டைகள் சிலவற்றையும் வரப்போரம் ஊன்றி வையுங்கள். அவற்றின் பாலை நீங்கள் இப்போது அறிய முடியாது. உங்கள் பள்ளிப் பருவம் முடிந்த பிறகே பாளை வரும். அதுவரை தண்ணீர் ஊற்ற வேண்டிய தேவையும் பெரிதாக இராது.